எலுமிச்சை டீக்கு 180 ரூபாயா?

பங்குனி பாதியிலேயே வெயில் மண்டையைப் பிளக்குது. சம்பா அறுத்த வயல்ல உளுந்து எடுப்பு நடக்குது. கோடை வந்துட்டாலே பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்குறாங்க. "ஊர்ல வெயிலுக்கு என்ன குடிக்கிறீங்க?"

நீராகாரம், நீர்மோர், பானகம், நுங்குன்னு நான் வரிசையா அடுக்கணும்னு அவங்களுக்கு ஆசை. அதெல்லாம் உண்டு, இல்லேன்னு சொல்லலை. ஆனா பதினோரு மணிக்கு வரப்புல ஆளுங்களுக்கு நான் கொடுக்கிறது பாலில்லாத டீயில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஆறவச்ச தண்ணி. வீட்டுல இருந்தா அதுலயே ரெண்டு ஐஸ் கட்டி விழும். இதைச் சொன்னா போன்ல அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "லெமன் ஐஸ் டீயா! மாயவரத்துலயுமா?"

அது என்னமோ பட்டணத்துச் சரக்கு மாதிரி பேசுறாங்க. போன மாசம் சென்னைக்குப் போனப்ப அக்கா பையன் பெரிய கடை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போய் அதை வாங்கிக் கொடுத்தான். ஒரு கிளாஸ் 180 ரூபாய். கிளாஸ்ல முக்கால்வாசி ஐஸ். ஒரு துண்டு எலுமிச்சை விளிம்புல செருகி இருந்துச்சு, டீக்குள்ள எலுமிச்சை இருந்த மாதிரி தெரியலை. பையன் ஆசையா வாங்கித் தந்தது, நான் ஒண்ணும் சொல்லலை. இப்ப சொல்றேன். இந்தப் பானத்தைக் காசு கொடுத்து வெளியில குடிக்கிறது வீண். வீட்டுல செஞ்சா தம்ளர் நாலு ரூபாய், கோடையில பழம் விலை ஏறினா ஆறு ரூபாய். கடையில கிடைக்கிறதை விட ருசியாவும் இருக்கும்.

முதல்ல இது யாரோட பானம்னு பேசிடுவோம். எங்க பக்கம் தெருவுக்கு ஒருத்தராவது சிங்கப்பூர், மலேசியான்னு போயிட்டு வந்தவங்க இருப்பாங்க. எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் பதினெட்டு வருஷம் கோலாலம்பூர்ல மாமாக் கடையில தண்ணி கலக்குற வேலை பார்த்தவர். மாமாக் கடைன்னா தமிழ் முஸ்லிம்கள் நடத்துற சாப்பாட்டுக் கடை, ராத்திரி பூரா திறந்திருக்கும். அங்க ஆளுங்க வந்து உக்காந்ததும் கேக்குறது "தே ஓ ஐஸ் லிமாவ்". தேன்னா டீ. ஓன்னா பால் இல்லாதது, சீனர் பேச்சுல கருப்புன்னு அர்த்தமாம். லிமாவ்னா எலுமிச்சை. பாத்தீங்களா, நீங்க கேக்குற லெமன் ஐஸ் டீ அதுதான். அங்க கூலிக்காரன், ஆபீஸ்காரன் எல்லாரும் அன்றாடம் குடிக்கிறது. எங்க தெருவுக்கு அது வந்தது அந்தப் பெரியவர் கையால.

ஐஸ் இல்லாம சூடா குடிச்சா அதுவே சுலைமானி, மலபார் பக்கம் பிரியாணிக்கு அப்புறம் கொடுப்பாங்க. அமெரிக்காவுல 1904ல செயின்ட் லூயிஸ் ஊர்ல நடந்த பெரிய கண்காட்சியிலதான் ஐஸ் டீ பிரபலம் ஆச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா 1879ல அச்சான வர்ஜீனியா சமையல் புத்தகத்துலயே ஐஸ் டீயில எலுமிச்சை பிழிஞ்சுக்கச் சொல்லி குறிப்பு இருக்கு. டீயும் எலுமிச்சை ஜூஸும் கலந்தா அங்க அதுக்கு ஆர்னால்ட் பால்மர்னு பேரு, கோல்ஃப் ஆட்டக்காரர் ஒருத்தர் பேரு அது. நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்குல கலக்கிக் கொடுத்தாங்க, அவங்க பேர்ல ஒண்ணும் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கு. அவங்க வேற மாதிரி சண்டைக்கு வருவாங்க. "டீ வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது, நம்ம பாரம்பரியம் நீர்மோர்தான், நீங்க விவசாயி, நீங்களே இப்படி எழுதலாமா?" எனக்கு மோர் மேல வருத்தம் இல்லைங்க. மாடு கறந்து, உறை ஊத்தி, கடைஞ்சு மோர் எடுக்கிற வீடு எங்க ஊர்ல இப்ப எத்தனை இருக்குன்னு விரல் விட்டு எண்ணிடலாம். நாப்பது பேருக்கு மோர் கொடுக்கணும்னா பாக்கெட் தயிர்தான் வாங்கணும். அதுவும் பத்து மணி வெயில்ல புளிச்சுப் போகும்.

அதோட டீ நம்மளுது இல்லைங்கிறதை என்னால ஏத்துக்க முடியாது. 1867ல இலங்கையில ஜேம்ஸ் டெய்லர்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலைத் தோட்டம் போட்டார், சரி. அவர் பேரு புத்தகத்துல இருக்கு. மலை ஏறி காட்டை அழிச்சு, செடி நட்டு, கொழுந்து கிள்ளுனது யாரு? திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துல இருந்து பஞ்சத்துல போன சனங்க. அங்க அவங்க டீக்கு வச்ச பேரு தேத்தண்ணி. எவ்வளவு அழகான சொல் பாருங்க. 1964ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு அவங்கள்ல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ணாங்க. திரும்பி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட்டுச்சு, இன்னிக்கு டான்டீன்னு சொல்றோமே, அதுதான். ரெண்டு நாட்டுலயும் நம்ம சனத்தோட முதுகு ஒடிஞ்சு வளர்ந்த செடியை நம்மளுது இல்லைன்னா அப்புறம் எதுதான் நம்மளுது?

சரி, செய்முறைக்கு வர்றேன். நாலு தம்ளருக்கு அளவு சொல்றேன். அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட தண்ணி எடுத்து நல்லா கொதிக்கவிடுங்க. அடுப்பை அணைச்சுட்டு, அதுக்கு அப்புறம் டீத்தூளை நாலு சின்ன ஸ்பூன் போட்டு மூடி வைங்க. நாலு நிமிஷம், அஞ்சு ஆகக் கூடாது. பால் டீக்குத் தூளைப் போட்டு கொதிக்கக் கொதிக்க விடுவோம்ல, அந்தப் பழக்கத்தை இங்க விட்டுடணும். பால் இருந்தா அந்தத் துவர்ப்பை அடக்கிடும், இதுல அடக்க ஆள் இல்லை. கொதிக்க வச்சா நாக்குல ஒட்டடை கட்டுன மாதிரி இருக்கும். வடிகட்டும்போது தூளை ஸ்பூனால அழுத்திப் பிழியாதீங்க.

சூடு இருக்கும்போதே சர்க்கரையைக் கரைச்சிடணும். ஆறின தண்ணியில சர்க்கரை கரையாது, அடியில தங்கி கடைசி மடக்கு மட்டும் இனிக்கும். தம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் போதும். எங்க வீட்டுல நாட்டுச் சர்க்கரை போடுவோம். நிறம் கொஞ்சம் கலங்கலா இருக்கும், மணம் நல்லா இருக்கும். கருப்பட்டி போட்டுப் பார்த்தோம், அது டீயை அமுக்கிடுது, தனியா குடிக்கலாம்.

அடுத்து எல்லாரும் கேக்குற சந்தேகம். "ஃபிரிட்ஜ்ல வச்சா டீ கலங்கிப் போகுது, கெட்டுப் போச்சா?" கெடலைங்க. டீயில இருக்கிற காஃபினும் துவர்ப்புச் சத்தும் குளிர்ந்ததும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், அதுதான் பால் கலந்த மாதிரி தெரியறது. கொதிக்கிற சூட்டோட ஃபிரிட்ஜ்ல தூக்கி வைக்காம, முதல்ல வெளியில தானா ஆறவிட்டா அவ்வளவு கலங்காது. கலங்கினாலும் ருசிக்கு ஒண்ணும் குறைவில்லை.

எலுமிச்சையை ஆறின பிறகுதான் பிழியணும். சூட்டுல பிழிஞ்சா மணமும் போகும், வைட்டமின் சியும் குறையும். நாலு தம்ளருக்கு ரெண்டு பழம், சாறு குறைவா இருந்தா மூணு. நறுக்குறதுக்கு முன்னாடி தரையில வச்சு உள்ளங்கையால ஒரு உருட்டு உருட்டுங்க, சாறு கூட வரும். ஒட்டப் பிழியாதீங்க, வெள்ளைத் தோல் கசப்பு இறங்கும். கொட்டை விழுந்தா உடனே எடுத்துடுங்க, ஊறினா அதுவும் கசப்புதான். பிழியும்போது ஒரு வேடிக்கை இருக்கு, வீட்டுல குழந்தைங்க இருந்தா கூப்பிட்டுக் காட்டுங்க. கருஞ்சிவப்பா இருக்கிற டீ சாறு விழ விழ தேன் நிறத்துக்கு வெளுத்துப் போகும். பள்ளிக்கூடத்துல லிட்மஸ் தாள்ல காட்டுனாங்களே, அதே சங்கதிதான். புளிப்பு பட்டா டீயோட சாயம் நிறம் மாறும்.

கடைகள்ல செருகுற அந்த மஞ்சள் தடித்தோல் பழம் வேண்டாம். நம்ம நாட்டு எலுமிச்சை தோல் மெலிசு, புளிப்பும் மணமும் கூடுதல். எங்க டெல்டா மண்ணுல எலுமிச்சை அவ்வளவு சுகமா வராது. களிமண்ணுல தண்ணி தேங்கினா வேர் அழுகும், மழைக்காலத்துல இலையெல்லாம் சொறி விழும். அதனால கொல்லையில மேடு போட்டு ஒண்ணு ரெண்டு மரம் வைப்போம், வீட்டுத் தேவைக்கு. சந்தைக்கு வர்றது தென்காசிப் பக்கம் புளியங்குடி பழம். 2022 கோடையில எலுமிச்சை விலை நாடு முழுக்க எகிறினது ஞாபகம் இருக்கும், டிவியில எல்லாம் ஜோக் சொன்னாங்க. அதே பழம் மழைக்காலத்துல பறிக்கிற கூலிக்குக்கூட கட்டாது. அப்ப ஜோக் சொல்ல யாரும் வர்றதில்லை. பழம் மலிவா கிடைக்கும்போது நிறைய வாங்கிப் பிழிஞ்சு, ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வச்சுக்குங்க. கோடையில ரெண்டு கட்டியை எடுத்து டீயில போட்டா ஐஸுக்கு ஐஸ், புளிப்புக்குப் புளிப்பு. டீயும் தண்ணியாப் போகாது.

ஐஸ்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். சென்னையில ஐஸ் ஹவுஸ்னு சொல்ற கட்டடம் 1842ல கட்டுனது. அமெரிக்காவுல குளத்துல உறைஞ்ச ஐஸை வெட்டி, மரத்தூள் போட்டுக் கப்பல்ல ஏத்தி, மெரினாவுக்குக் கொண்டுவந்து அங்க வச்சிருக்காங்க. துரைமாருக்கு. இப்ப அது விவேகானந்தர் இல்லம். அன்னிக்கு அவ்வளவு அருமையா இருந்த பொருள் இன்னிக்கு ரொம்ப மலிவாப் போச்சு, வம்பும் அங்கதான். எங்க மாவட்டத்துக்கு நீளமா கடற்கரை இருக்கு, பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி. அங்க மீனுக்குப் போடுற ஐஸ் பார் வேற, மனுஷன் சாப்பிடுற ஐஸ் வேற. மீன் ஐஸுக்குக் குடிதண்ணி வேணும்னு இல்லை. அந்தப் பாரை உடைச்சு சாக்குல சுத்தி ரோட்டோர ஜூஸ் வண்டியில வச்சிருந்தா நமக்கு எப்படித் தெரியும்? இதுக்காகவே 2018ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், சாப்பாட்டுக்கு ஆகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கணும்னு சொல்லுச்சு. நான் பார்க்கிற ஐஸ் எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு. அதனால வெளியில எங்க ஜூஸ் குடிச்சாலும் ஐஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க. வீட்டுல காய்ச்சி ஆறவச்ச தண்ணியில ஐஸ் போட்டுக்குங்க. ஃபிரிட்ஜ் இல்லாதவங்க புது மண்பானையில ஊத்தி, ஈரத்துணி சுத்தி, காத்தோட்டமான நிழல்ல வைங்க. போதுமான குளிர்ச்சி வரும், தொண்டையும் கட்டாது.

பாக்கெட்டுல விக்கிற ஐஸ் டீ பவுடர் சௌகரியம்னு சிலர் சொல்றாங்க. பாக்கெட்டைத் திருப்பி, என்னென்ன சேர்ந்திருக்குன்னு பொடி எழுத்துல போட்டிருக்கிறதைப் படிச்சுப் பாருங்க. எது எடை அதிகமோ அதை முதல்ல போடணும்னு சட்டம். நான் பார்த்த பாக்கெட்டுல எல்லாம் முதல் பேரு சர்க்கரைதான், டீ ரொம்பக் கீழே. அப்ப நீங்க வாங்குறது மணம் போட்ட சர்க்கரை. ஒரு நாளைக்கு வெளியில இருந்து சேக்குற சர்க்கரை 25 கிராமுக்குள்ள, ஆறு ஸ்பூனுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வீட்டுல போட்டா அந்த ஸ்பூன் உங்க கையில இருக்கும். (அந்தச் சர்க்கரைக்குக் கரும்பு போட்ட எங்க மாவட்டத்துல கூட்டுறவு சர்க்கரை ஆலை மூடிக் கிடக்கு. அது பெரிய கதை, தனியா எழுதுறேன்.)

இப்ப அந்த 180 ரூபாய்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தம்ளருக்கு டீத்தூள் ரெண்டரை கிராம். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேணும். அப்ப ஒரு தம்ளருக்கு 11 கிராம் கொழுந்து. கிலோ 20 ரூபாய்னு வச்சா 22 பைசா. 180 ரூபாய்ல தேயிலை விவசாயிக்கு கால் ரூபாய்கூட இல்லை. நீலகிரியில சின்ன விவசாயிங்க கட்டுப்படியாகிற விலை கேட்டு 2023 செப்டம்பர்ல உண்ணாவிரதம் உக்காந்தாங்க. அவங்க ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்காரங்க, என்னை மாதிரி. நான் நெல்லுக்குக் கேக்குறதைத்தான் அவங்க கொழுந்துக்குக் கேக்குறாங்க. நீங்க வீட்டுல செஞ்சா உடனே அவங்க வாழ்க்கை மாறிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா கூட்டுறவு ஆலைகள்ல அரைக்கிற தூளா பார்த்து வாங்கலாமே. ரேஷன் கடையில ஊட்டி டீ பாக்கெட் இருக்கும், யாரும் சீந்த மாட்டாங்க. இந்தப் பானத்துக்கு அது நல்லாவே இருக்கும்.

வயல்ல எப்படிக் கொடுக்கிறோம்னு சொல்லிடறேன், எனக்கு முக்கியமானது அதுதான். எனக்கு ஏழு மா நிலம். நடவு, களை, உளுந்து எடுப்புன்னா இருபது, முப்பது பெண்ணாளுங்க வருவாங்க. முன்ன டீக்கடையில இருந்து தூக்குவாளியில பால் டீ வாங்கிக் கொடுப்போம். வெயில்ல அது தாகத்தைக் கிளப்பும், அடக்காது. இப்ப வீட்டம்மா ஒரு தவலை நிறைய, பத்து லிட்டர், லேசான டீ போட்டு ஆறவச்சிடறாங்க. தூள் 50 கிராம், நாட்டுச் சர்க்கரை அரைக் கிலோ, எலுமிச்சை பதினஞ்சு, உப்பு மூணு சின்ன ஸ்பூன். வேர்வையில போறது தண்ணி மட்டும் இல்லை, உப்பும்தான். எல்லாரும் ஒரே தம்ளர்ல மோந்து குடிக்கிறாங்க. என் சின்ன வயசுல இந்த ஊர் டீக்கடையில ஒரு தெருக்காரங்களுக்குத் தனித் தம்ளர் இருந்துச்சு, தெரிஞ்சுக்குங்க.

தவலை முதல் ரெண்டு நாள் பாதி அப்படியே திரும்பி வந்துச்சு. ருசி பிடிக்கலைபோலன்னு நினைச்சுக்கிட்டு வீட்டம்மா கேட்டாங்க. ஒரு அக்கா சொன்னாங்க, "நல்லாத்தான் தம்பி இருக்கு. குடிச்சுட்டு ஒதுங்க எங்க போறது?" முன்ன வேலிக்கருவை, மூங்கில் கொத்துன்னு மறைவு இருந்துச்சு. இப்ப வயலைச் சுத்தி வெட்டவெளி, ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் மனைக்கட்டு. காலையில எட்டு மணிக்கு வர்ற பெண்கள் ரெண்டு மணி வரைக்கும் அடக்கிக்கிட்டு, அதுக்காகவே தண்ணி குடிக்காம இருக்காங்க. நீர்க்கடுப்பு, தலைசுத்தல் எல்லாம் எதனால வருதுன்னு அப்பதான் விளங்குச்சு. பம்புசெட் பக்கத்துல நாலு கீத்துத் தட்டி கட்டி, ஒரு குழி வெட்டி, தண்ணி வாளி வச்சோம். பெரிய செலவு ஒண்ணும் இல்லை. மறுநாள்ல இருந்து தவலை காலியா வருது. வெயிலுக்கு என்ன குடிக்கலாம்னு பேசுறவங்க இதையும் சேர்த்துப் பேசணும். உங்க வீடு கட்டுற இடத்துல சித்தாள் வேலைக்கு வர்ற பெண்கள் இருந்தா போய்ப் பாருங்க, அங்கயும் இதே கதையாத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டோட சேர்த்து டீ குடிக்கக் கூடாது, சோத்துல கீரையில இருக்கிற இரும்புச் சத்தை அது உடம்புல சேரவிடாது. தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரை உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகை இருக்குன்னு 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. எலுமிச்சை இருக்கிறதால கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன தள்ளி வச்சுக்குங்க. அதே மாதிரி வயித்துப்போக்குக்கு இது மருந்தில்லை. அதுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான், ஆரம்ப சுகாதார நிலையத்துல கிடைக்கும்.

பிழிஞ்ச தோலைத் தூக்கிப் போடாதீங்க. நாலா நறுக்கி, கல்லுப்பு போட்டு ஜாடியில ரெண்டு நாள் வச்சு, அப்புறம் வெயில்ல காய வச்சு எடுத்தா பழைய சோத்துக்கு நல்லா இருக்கும். எங்க வீட்டுல தவலை டீ போடுற நாள்ல முப்பது மூடி மிஞ்சும், ஒரு சித்திரைக்கு ரெண்டு ஜாடி தேறிடும்.